காவிரித் தொட்டியில் வெல்லம்

9 ஏப்ரல், வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெங்களூர் குளுகுளு என்று சொல்கிறவர்களை மர்பி டவுனில் எங்கள் வீட்டு ஷீட் கூரைக்குக் கீழே ஒரு மத்தியானம் உட்காரவைக்க வேண்டும். தெருவில் டிரெய்னேஜ் குழாய்க்குத் தோண்டியது தோண்டியபடி. பலகை போட்டுத் தாண்டுகிறோம்.

செய்ய வேண்டியது: கிளினிக்கில் ஞாயிறு லீவு சொல்ல. கேஸ் புக் பண்ண. டெய்லரிடம் ப்ளவுஸ் வாங்க. அம்மாவோடு சண்டை போடாமல் இருக்க.

கடைசி ஒன்று இப்போதே போச்சு.

மாமா (அம்மாவின் தம்பி) ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். பெயர் சரவணன். பீன்யாவில் ஏதோ கம்பெனியில் மெஷின் மெயின்டனன்ஸ். என்னைவிட மூன்று வயது பெரியவர், முப்பத்து நாலு. அப்பா இல்லை, அம்மா மட்டும். ஊர் மாயவரம். நாங்கள் சீர்காழி. "பக்கத்துப் பக்கத்து ஊரு, ஒரே ஆத்துத் தண்ணி" என்று மாமா குதிக்கிறார். பெண் பார்க்க வீட்டுக்கு வரச்சொல்ல முடியாது, பள்ளத்தில் விழுந்து வைப்பார்கள். கோயிலில் வைத்தால் எங்கள் தெருவே அங்கே நிற்கும். அதனால் மாமாவின் மூளை கண்டுபிடித்த இடம், மீன் காட்சியகம். புதிதாகத் திறந்திருக்கிறார்களாம். கடல் மீன், வெளிநாட்டு மீன் எதுவும் கிடையாது. இந்தப் பக்கத்து ஆறு, ஏரி, மலை ஓடை மீன்கள் மட்டும்.

"பொண்ணு பார்க்கறதுக்கு மீன் காட்சியா மாமா?"

"பிடிச்சுதுன்னா பேசலாம். பிடிக்கலைன்னா மீன் பார்க்க வந்தோம்னு போயிட்டே இருக்கலாம். யாருக்கும் சங்கடம் இல்ல பாரு."

அம்மாவுக்கு வேறு காரணத்துக்காகப் பிடித்திருக்கிறது. "உள்ளே இருட்டா இருக்குமாமே?"

அந்த இருட்டு என் கைக்காக. இடது கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நட்ட நடுவில் வெண்புள்ளி. ஒரு இட்லி அளவு, இட்லி நிறம். பத்தொன்பது வயதில் வந்தது, கொஞ்சம் பரவியது, நின்றுவிட்டது. அடுத்தவருக்கு ஒட்டாது, வலிக்காது, அது பாட்டுக்கு இருக்கும் என்று தோல் டாக்டர் சொல்லியாச்சு. எனக்குப் பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழகவில்லை. வருடா வருடம் ஊருக்குப் போய்க் கோயில் குளத்தில் வெல்லம், உப்பு, மிளகு போட்டுவிட்டு வருவாள். வெல்லம் கரைவதுபோல உடம்பில் இருப்பதும் கரையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் போட்ட வெல்லத்துக்குக் குளத்து மீனுக்கெல்லாம் இந்நேரம் சர்க்கரை வியாதி வந்திருக்கும். இந்த வருடம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், போக முடியவில்லை. அதையே சொல்லிச் சொல்லி மாய்கிறாள்.

"அவங்ககிட்ட வாயைத் தொறந்துடாதே. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் மெள்ளச் சொல்லிக்கலாம்."

"அப்புறம் சொன்னா அதுக்குப் பேரு ஏமாத்தும்மா."

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு, சொல்லமாட்டேன்னு."

பண்ணவில்லை. போன வரன் நிச்சயத்துக்கு முன்னால் யாரோ சொல்லி அவர்களுக்குத் தெரிந்து, நின்றுபோனது. நின்றதுகூடப் பரவாயில்லை. "மறைச்சுட்டாங்க, அந்தப் பொண்ணும் கூட்டு" என்று சொன்னார்களாம். அதுதான் இன்னும் குத்துகிறது. இந்தத் தடவை நானே சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை. அவர் வாயால் வேண்டாம் என்றால் வேண்டாம்.


11 ஏப்ரல், சனி

கரண்ட் போய்ப் போய் வருகிறது. கேஸ் வரவில்லை.

ப்ளவுஸ் வாங்கினேன். டெய்லர் நசீர் பாய் எங்களுக்கு அளவே கேட்பதில்லை. "பேட்டிக்கு ஃபுல் ஸ்லீவ், மாலும்" என்பார். மகளுக்கு ஃபுல் ஸ்லீவ், தெரியும் என்கிறார். ஊருக்கே தெரியாத ரகசியத்தை டெய்லருக்குத் தெரியாமல் வைக்க முடியுமா? இந்த முறை மணிக்கட்டில் ரெண்டு கொக்கி. அம்மாவின் ஆர்டர். காற்றில்கூடக் கை ஏறக்கூடாதாம்.

அவரிடம் எப்படிச் சொல்வது, யோசித்தவை:

1. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." கொலை பண்ணினவள் மாதிரி இருக்கிறது.

2. "எனக்கு ஒரு சின்ன..." சின்ன என்று ஏன் சொல்ல வேண்டும்? கெஞ்சுகிற மாதிரி.

3. பேசாமல் கையை மடித்துக் காட்டிவிடுவது.

மூன்றுதான் சரி என்று ப்ளவுஸ் போட்டு ஒத்திகை பார்த்தேன். கொக்கி போட்டால் ஸ்லீவ் ஒரு இன்ச்கூட ஏறமாட்டேன் என்கிறது. அம்மா ஜெயித்தாள்.

அப்பாவுக்கு மாப்பிள்ளையைவிட மீன் மேல்தான் ஆர்வம். கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். "விரால் வெச்சிருப்பாங்களாம்மா?"

அம்மா கடையில் அச்சு வெல்லம் வாங்கினாள். செவ்வாய்க்கிழமை வருஷப் பிறப்பு, பாயசத்துக்கு என்றாள். நானும் நம்பினேன். மக்கு.


12 ஏப்ரல், ஞாயிறு. சாயங்காலம்

மழை வருவதுபோல் வந்து ஏமாற்றிவிட்டது. தலைவலி. மறப்பதற்குள் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மாமா கரெக்டாக வரச்சொல்லிவிட்டு லேட். காட்சியக வாசலில் ஊரில் உள்ள குழந்தைகள் மொத்தமும். சரவணனும் (இனி ச.) அவர் அம்மாவும் முன்பே வந்து நிழலில் நின்றார்கள். ச. ஒல்லி. ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப் பையில் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர். ச. அம்மா கையைப் பையோடு வயிற்றில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று நடக்கிற ரகம்.

"வாங்க மாப்ளே!" என்றார் மாமா. இன்னும் டிக்கெட்கூட வாங்கவில்லை.

உள்ளே இருட்டு, தொட்டிகளில் மட்டும் நீல வெளிச்சம். அம்மா என் காதில், "நல்ல இருட்டுடி" என்றாள். நகைக் கடையில் நல்ல வெளிச்சம் என்று சொல்வார்களே, அந்தத் திருப்தி.

முதல் தொட்டியிலேயே விரால். மேலே வந்து ஒரு வாய்க் காற்று வாங்கிவிட்டு இறங்குகிறது. அப்பா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார். "குழம்புல ரெண்டு மாங்காக் கீத்து போட்டா..." என்று ஆரம்பித்ததும் ச. அம்மா திரும்பினார். "விராலுக்கு யாருங்க மாங்கா போடுவா? மாங்கா நெத்திலிக்கு." அப்பா விடவில்லை. அவர்களும் விடவில்லை. ஏரிகளில் இந்த மீன் குறைந்துகொண்டே வருகிறது என்று பக்கத்தில் போர்டு. அதன் முன்னால் நின்று இரண்டு பேரும் பேச்சிலேயே பூண்டு உரித்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்த ஒரு டீச்சர் முறைத்துவிட்டுப் போனார். எனக்குத் தொட்டிக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே முன்னாடி போங்க" என்றார் மாமா, நாலு பேர் திரும்பிப் பார்க்கும் குரலில்.

போனோம். ச. போர்டு படித்தார். ஒவ்வொரு போர்டும். கன்னடத்தில் படித்து எனக்குத் தமிழில் சொல்கிறார், நான் ஏதோ அடையாற்றிலிருந்து நேற்று இறங்கின மாதிரி. பத்து வருடமாக ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பல் கிளினிக்கில் கன்னடத்தில்தான் டோக்கன் கூப்பிடுகிறேன். ஒரு தொட்டியில் தண்ணீரை வேகமாக ஓடவிட்டிருந்தார்கள். விரல் நீள மீன் ஒன்று கல்லில் வயிற்றை ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. மலை ஓடை மீனாம். "பிடியை விட்டா அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்றார். அது போர்டில் இல்லை.

சரி, இதுதான் சமயம் என்று, "உங்ககிட்ட ஒண்ணு..." என்றேன். மாமா செல்ஃபியோடு நடுவில் புகுந்தார்.

மீசை வைத்த கெளுத்தித் தொட்டியில் மறுபடி, "எனக்கு..." ஒரு குழந்தை எங்கள் இடுக்கில் நுழைந்து கண்ணாடியைத் தட்டியது. அதன் அம்மா அதன் முதுகில் தட்டினாள். அழுகை.

அப்போது அவராகவே, "எனக்கு மீன் பிடிக்காதுங்க" என்றார்.

"பார்க்கவா?"

"திங்க. முள்ளுன்னாலே பயம். எங்கம்மாவுக்குத் தெரியாது. ஆசையா செஞ்சு போடுவாங்க, எதுவும் சொல்லாம தின்னுக்கிட்டிருக்கேன்."

சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். விசில் சத்தம்.

நடுக்கூடத்தில் மேலே மூடாத பெரிய தொட்டி, இடுப்பளவு சுவர். காவிரி என்று போர்டு. தலைக்காவிரியிலிருந்து கீழே வருகிற வரைக்கும் படம் போட்டு, உள்ளே முழங்கை நீளத்துக்கு மஹ்சீர் மீன்கள், ஒவ்வொரு செதிலும் நாணயம் அளவு. அதன் ஓரத்தில் என் அம்மா. கண்ணை மூடி, ஒரு கை கும்பிட்டபடி, இன்னொரு கை தண்ணீருக்கு மேல். கையில் காகிதப் பொட்டலம், காலி. மிளகு வட்டமாக மிதக்கிறது. அச்சு வெல்லம் அடியில் உட்கார்ந்து புகைவிடுகிறது. பெரிய மீன் ஒன்று மோந்து பார்த்துவிட்டு விலகியது. அதற்கு இருந்த புத்தி.

செக்யூரிட்டி ஓடிவந்தார். "ஏனம்மா, நீரிகே ஏனு ஹாக்கிதீரி?" தண்ணீரில் என்ன போட்டீர்கள் என்று.

மாமா வழிந்தார். "சும்னே சார், மீனிகே ஊட்டா."

"ஊட்டக்கே மெணசா?" சாப்பாட்டுக்கு மிளகா என்று அவர் கேட்டது நியாயம்தானே?

கம்பூட் போட்ட ஒரு பெண் வலையோடு வந்து வெல்லத்தை வாரினார். மீன் செத்தால் யார் பொறுப்பு என்று கன்னடத்தில் திட்டினார். திட்டட்டும், அவர் பிள்ளைகள் அவை. அம்மா மட்டும் தமிழில், "இது காவேரித் தண்ணிதானே, எங்க ஊருக்கு வர்ற தண்ணிதானே" என்று முனகிக்கொண்டே இருந்தாள். இல்லை, அது போர்வெல் தண்ணீர். சொல்லவில்லை.

ச. அம்மா குனிந்து மிதப்பதைப் பார்த்தார். "வெல்லம், உப்பு, மிளகு." நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். மாயவரத்துக்காரருக்கு இதற்கு அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செக்யூரிட்டிக்கு, கம்பூட்டுக்கு, கூட்டத்துக்கு, ஒருவருக்கும் தெரியாதது அவருக்கு மட்டும் தெரியும்.

"யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தாங்க. முதுகுல ஒரு மரு" என்றாள் அம்மா.

அப்பா சுவரைப் பார்த்தார். மாமா போனைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. அம்மா மேல், மாமா மேல், அந்தக் கொக்கி மேல். "அம்மாவுக்கு இல்லங்க, எனக்கு" என்று சொல்லிவிட்டு ஸ்லீவை இழுத்தேன். ஏறவில்லை. ரெண்டாவது கொக்கி சிக்கிக்கொண்டது. வீராவேசமாக ஆரம்பித்துவிட்டு, அத்தனை பேர் நடுவில் கையை உதறிக்கொண்டு நிற்கிறேன்.

"இரும்மா, கிழிச்சுடாதே" என்று ச. அம்மா என் கையைப் பிடித்துக் கொக்கியைக் கழற்றினார். அவரே மடித்துவிட்டார். இருட்டில் தெரியாது என்று இந்த இடத்தைப் பிடித்தார்களே, அந்த நீல வெளிச்சத்தில் வெண்புள்ளி ட்யூப்லைட் மாதிரி எரிந்தது. நானே அதை அவ்வளவு வெள்ளையாகப் பார்த்ததில்லை.

"எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது வயசுலேர்ந்து."

"இதுக்கு வெல்லம் கரைக்கமாட்டாங்களே, மருவுக்குத்தானே கரைப்பாங்க?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"எல்லாத்துக்கும் கரைக்கலாம்" என்றாள் அம்மா.

அந்த நேரத்தில் அந்த விவாதம்! அப்புறம் ச. அம்மா மெதுவாகச் சொன்னார். "கரைச்சீங்க சரி. எதுக்குங்க பொய் சொன்னீங்க?" "பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பிவிட்டார்கள்.

ச. என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. தரையில் கிடந்த ஈரப் பொட்டலத்தை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அவர் அம்மாவின் பின்னால் போனார். அந்த வாய்க்கு அத்தனை போர்டு படிக்கத் தெரிந்ததே!

நான் நினைத்தபடிதான் நடந்தது, சொல்லிவிட்டேன். ஆனால் இப்படியா?


13 ஏப்ரல், திங்கள்

வெயில். கேஸ் வந்தது.

அம்மா பேசுவதில்லை. பாத்திரம் பேசுகிறது. மாமா போனில், "வாயை மூடிக்கிட்டிருந்தா இந்நேரம் தேதி பார்த்திருக்கலாம்" என்றார். யாருடைய வாய் என்று கேட்டேன். வைத்துவிட்டார். அப்பா: "அந்தம்மாவுக்கு விராலைப் பத்தி நல்லாத் தெரியுதும்மா." இந்த வீட்டில் எனக்கு வேறு என்ன ஆறுதல் கிடைக்கும்?

கிளினிக்கில் ஸ்லீவை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தடவை. ஒரு பாட்டியம்மா மட்டும் கேட்டார், எண்ணெய் கொட்டிருச்சாம்மா என்று. இல்லை என்றேன். "சரி, என் டோக்கன் எப்போ வரும்?" என்றார். இதற்கா இத்தனை வருடம்?


14 ஏப்ரல், செவ்வாய்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை. பாயசம் வெள்ளைச் சர்க்கரையில். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கவில்லை.

போன் வரவில்லை. எனக்கு அந்தப் போன் வேண்டும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வியாழக்கிழமை பெரிதாக எழுதிவைத்திருக்கிறேன். அது பொய். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. முள்ளைச் சொன்னபோது.

சாப்பாடு பரிமாறும்போது அம்மா திடீரென்று கத்தினாள். "நான் என்ன திருடியா? உன் கையைப் பார்த்து ஒருத்தி மூஞ்சியைச் சுளிச்சா என்னால நின்னு பார்க்க முடியாதுடி. அதுக்குத்தான் மறைச்சேன். வேற எதுக்கு?"

"முதல்ல சுளிச்சது நீதாம்மா."

சொல்லியிருக்கக் கூடாது. உண்மைதான், ஆனாலும் பண்டிகை நாளில் சொல்லியிருக்கக் கூடாது. கரண்டியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் இலையில் வடை ஆறிப்போனது.


16 ஏப்ரல், வியாழன்

காலையில் தூறல். ஐந்து நிமிஷம்.

ச. மெசேஜ்: "நேர்ல பேசலாமா? மீன் இல்லாத இடம்." கிளினிக் பக்கத்துத் தர்ஷினி ஹோட்டலில் நின்றுகொண்டே காபி. ஸ்லீவ் மடித்துத்தான் போனேன். இந்தத் தடவையும் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் காபியைக் குடித்தார்.

"அம்மாவுக்குக் கையில பிரச்னை இல்லங்க. மறைச்சதுதான் பிரச்னை."

"நான் மறைக்கலை. கொக்கிதான் மறைச்சுது."

"அதான் நானும் சொன்னேன்." கொஞ்சம் இழுத்து, "வேற ஏதாவது இருக்கா?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பழைய பைக் வாங்க வந்தீங்களா?"

பாவம், காபியைச் சாஸரில் கொட்டிக்கொண்டார். "மெயின்டனன்ஸ்ல எந்த மெஷினைத் தொறந்தாலும் கேக்கற கேள்விங்க, வாயில வந்துருச்சு."

"இருக்கு. கோபம் வரும்."

"அதை அன்னிக்கே பார்த்துட்டேன்."

"அன்னிக்கு ஏன் ஒண்ணுமே பேசலை?"

"நீங்க கையைக் காட்டினீங்க. நான் முப்பத்து நாலு வயசுல முள்ளைச் சொல்ல முடியாம நிக்கறேன். என்னத்தைப் பேச?" நேற்று ராத்திரி அவர் அம்மாவிடம் முள் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். அந்தம்மா அதற்குத்தான் அழுதாராம், என் கைக்கு இல்லை.

ஞாயிறு வீட்டுக்கு வருகிறார்கள், பள்ளம் தாண்டி. முடிவு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகப் பேசத்தான். ஆனால் ச. அம்மா ஒரு நிபந்தனை சொல்லியனுப்பியிருக்கிறார். எங்கள் வீட்டில் இனிமேல் எதையும் மறைக்கக் கூடாது. இதை அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். எனக்கென்றே வந்து வாய்க்கிறது எல்லாம்.

சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள், களைந்த அரிசியையே மறுபடி.


17 ஏப்ரல், வெள்ளி

வெயில், புழுக்கம். தெருப் பள்ளத்தில் இன்னும் ஒரு அடி ஆழம் கூடியிருக்கிறது. மாமாவை எச்சரிக்க.

கிளினிக் விட்டு வந்தால் அம்மா செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில். "கெளம்பு, டெய்லர்கிட்ட." கையில் என் பச்சைப் பட்டுப் புடவையின் ப்ளவுஸ் துணி. பலகையில் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், தடுக்கி விழக் கூடாது என்று.

நசீர் பாய் துணியை வாங்கிக்கொண்டு, "ஃபுல் ஸ்லீவ், மாலும்" என்றார்.

"இல்ல பாய்" என்றாள் அம்மா. "டேப்பைக் கொண்டாங்க."

என் ஸ்லீவை அவளே மடித்தாள். மடித்து, மணிக்கட்டில் ஒரு விரலை வைத்து மெதுவாக மேலே நகர்த்திக்கொண்டு வந்தாள். வெண்புள்ளியின் கீழ் ஓரத்தில் விரல் நின்றது. எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கப் போனேன். விரல் மறுபடி நகர்ந்து புள்ளியின் மேல் ஏறியது. நட்ட நடுவில் வந்து நின்றது. முக்கால் கை. பாதி தெரியும், பாதி தெரியாது. அதற்கு மேல் போகவில்லை.

இத்தனை வருடத்தில் அம்மா அதைத் தொட்டது இன்றைக்குத்தான்.

பாய் அவள் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். "இவ்ளோ போதுமா அம்மா?"

"இந்த ஞாயித்துக்கிழமைக்கு இது போதும்" என்றாள்.

டெலிவரி நாளைக்கு, ஏழு மணிக்கு மேல்.